நாலு மணி மாத்திரை

“கொஞ்சம் இழுத்துப் புடிங்க மச்சான், வந்துரும்” என்றான் செல்லசாமி.

கந்தப்பன் இழுக்கவில்லை. மனைவியின் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி, மச்சினன் கையிலிருந்த வெள்ளைத் துணி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமியைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்தி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தங்கள் காம்பராவின் நடுவில் கட்டிலில் கிடத்தியாகிவிட்டது. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. நெற்றியில் காசு வைத்தாகிவிட்டது. கைகளைக் கும்பிடுவதுபோலச் சேர்த்துப் பெருவிரல்களைக் கட்டவேண்டியதுதான் பாக்கி. அவை சேருவதாக இல்லை. இரண்டும் பாதி மூடிய முட்டிகளாக, எதையோ தரமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருப்பதுபோல நெஞ்சின்மேல் கிடந்தன.

செல்லசாமி அவளுடைய தம்பி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. நாற்பது பேருக்கு உத்தரவு போட்டே தொண்டை பழகியவன். அக்காவின் விரல்களும் தன் சொல்லைக் கேட்கும் என்று நினைத்துவிட்டான்.

“மணி எட்டாகுது. இன்னும் நேரம் போனா கட்டையாயிரும் மச்சான்.”

“அதெல்லாம் ஆயிருச்சு மாப்ள. விடு.”

“விடவா? நாலு லயத்து சனமும் வந்து பாக்கும். எங்க அக்கா கைய முறுக்கிக்கிட்டா படுத்துக்கிடக்கும்?”

அதே கவலைதான் நாகலெட்சுமிக்கும் இருந்தது. போன தைப்பொங்கலுக்குப் பானை இறக்கும்போது, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, முந்தானைக்குள் கைகளை மறைத்தபடி சொன்னாள்: “செத்த பெறகு சனம் மொகத்தப் பாக்காது, கையத்தான் பாக்கும். என் கைய நேரா வச்சு அனுப்புங்க.”

கந்தப்பன் அப்போது சும்மா இருந்திருக்கலாம். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. “போற நேரத்த முன்னுக்கே சொல்லு. ரெண்டரை மணித்தியாலத்துக்கு முந்தி மாத்திரை தந்துர்றேன், ஜம்முன்னு கும்பிட்டுக்கிட்டே போகலாம்” என்றார். அவள் அகப்பைக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, “சத்தியமா?” என்று கேட்டாள். “சத்தியமா” என்றார்.

நேரம் சொல்லாமல் போய்விட்டாள். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே.

*

மாத்திரை பதினொரு வருடக் கதை. முதலில் மணிக்கட்டு வீங்கியது. பிறகு விரல் கணுக்கள். காலையில் எழும்பினால் இரண்டு கையும் பூட்டிக்கொள்ளும். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்கமுடியாது. வெயில் ஏறி பத்து மணியானால்தான் பூட்டுத் திறக்கும். வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு ஏழு மணிக்கு. பத்து மணிக்குக் கை வருகிறவளுக்குக் கொழுந்து நிறை குறையும், அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான் விழும். கிளினிக்கில் டொக்டர் வாதம் என்று சொல்லி, கிழமைக்கு ஒரு தரம் விழுங்குவதற்கு ஒன்றும் நாளாந்தம் விழுங்குவதற்கு நாலு சின்ன வெள்ளை மாத்திரைகளும் கொடுத்தார். வெள்ளையை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அப்படியே கொடுத்தார்கள். கை ஒன்பதரைக்குத் திறந்தது. முன்னேற்றம்தான், ஆனால் பெரட்டுக்குப் போதாது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட கந்தப்பன் அன்றிலிருந்து விஞ்ஞானியானார். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தார். அவளுக்கு விடியும்வரை பொட்டுத் தூக்கமில்லை. கல்யாணத்தன்று அவர் போட்டிருந்த சப்பாத்து இரவல் என்பதில் தொடங்கி, அவருடைய முப்பது வருடக் குற்றங்களையும் வரிசைப்படி சொல்லி முடித்தாள். மறுநாள் அந்தப் பரிசோதனை கைவிடப்பட்டது. ஆறு மணிக்குக் கொடுத்தால் பிந்தியது. இரண்டு மணிக்குக் கொடுத்தால் மூன்று மணிக்கே எழும்பிச் சட்டி பானை கழுவினாள், பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரில் தட்டினார்கள். கடைசியில் நாலு மணி. ஒரு பிளேன்டீ, இரண்டு கிறீம் கிராக்கர், மாத்திரை. பிறகு ஒரு குட்டித் தூக்கம். ஆறரைக்குக் கை திறந்தது.

அடுத்த கிளினிக்கில் இதை அந்தச் சிங்கள டொக்டர் பெண்ணிடம், பாதி சிங்களத்திலும் பாதி கையசைவிலும் விளக்கினார். ஏச்சு விழும் என்றுதான் எதிர்பார்த்தார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “எஹெனம் ஹதரட தென்ன” என்றார். அப்படியானால் நாலு மணிக்கே கொடுங்கள். கிளினிக் கொப்பியிலும் எழுதினார். வெறும் வயிற்றில் கூடாது, தினமும் அதே நேரம், என்ன வந்தாலும் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று மூன்று தரம் சொன்னார். நாலு மாத்திரை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றரையில் வந்து நின்றது. அந்த அரைக்காக ஒரு மாத்திரையைச் சவர பிளேடால் இரண்டு சம பாதியாக வெட்டுவதில் கந்தப்பனுக்கு மேல் டிவிசனிலேயே போட்டியில்லை.

பதினொரு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. அலாரம் வைத்ததுமில்லை. முப்பத்திரண்டு வருடம் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த உடம்பு. நாலு மணி அதற்குள்ளேயே அடிக்கும்.

நேற்று இராத்திரி படுத்து இன்று எழும்பியதும் அப்படித்தான். பிளேன்டீ ஊற்றினார். மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெந்நீரில் நனைத்த துணியை அவள் கையில் சுற்றினார். சுண்டுவிரலில் தொடங்கினார். எப்போதும் அதுதான் ஒழுங்கு. பெருவிரலில்தான் வலி கூட, ஆகவே அது கடைசி. சுண்டுவிரல் அசையவில்லை.

“இன்னைக்குப் பனி கூட” என்று அவளிடம் சொன்னார்.

அடுத்த விரலும் அசையவில்லை. “என்னா, வெரலுங்களும் சங்கத்துல சேந்துருச்சா, வேல நிறுத்தமா?” என்றார். இதற்கு ஏச்சு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

ஆறு மணிக்குத் தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது, இரண்டு மணியளவில் இருக்கும் என்றார். கந்தப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மாத்திரையில ஏதும் பிழையாங்கய்யா?”

“மாத்திரை இல்லாட்டி இவ்வளவு நாள் கூடை தூக்கியிருக்காது கந்தப்பா.”

கந்தப்பன் தலையாட்டினார். ஒன்றரை மாத்திரை இன்னும் பையில்தான் இருந்தது.

*

மலர்ச்சாலைக்காரன் நிரோஷன் ஒன்பது மணிக்கு ஹட்டனிலிருந்து சவப்பெட்டியோடு வந்தான். சின்ன வயது. கறுப்புக் காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கையில் ஒரு தோல் பை. லயத்துச் சேற்றில் அந்தச் சப்பாத்தோடு அவன் நடந்துவந்ததே ஒரு வித்தை. செல்லசாமி அவனைக் காம்பராவுக்குள் கூட்டிவந்து கைகளைக் காட்டினான்.

“இது சின்ன வேல அண்ணே” என்றான் நிரோஷன். “எல்லாரும் கொஞ்சம் வெளிய நின்னா ரெண்டே நிமிசம். ஒரு சின்னச் சத்தம் கேக்கும், அவ்வளவுதான்.”

“என்னா சத்தம் தம்பி?”

நிரோஷன் செல்லசாமியைப் பார்த்தான். செல்லசாமி கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

“மூட்டுதான் அண்ணே. அவங்களுக்கு வலிக்காது தானே.”

“எனக்குக் கேக்குமே.”

நிரோஷன் தொண்டையைச் செருமினான். “ஒடம்பு கெடாம இருக்க ஊசி போட்டு மருந்து ஏத்தினா எப்பிடி இருக்கோ அப்பிடியே நின்னுரும். அதாலதான் முந்தி நேராக்கணும்னு சொல்றேன்.”

“ஊசி போடாட்டி?”

“போடாட்டி நாளைக்குப் பகலுக்கு மேல தானா எளகும். ஆனா இந்தக் குளிருக்கு எத்தன மணின்னு நிச்சயமாச் சொல்ல ஏலாது. யாரு அண்ணே காத்துக்கிட்டு இருப்பா?”

“நான் இருப்பேன். எனக்கு வேற என்னா வேல?”

செல்லசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “மச்சான், வெளையாடாதீங்க. உங்க மக கிருஷாந்தி கட்டார்ல இருந்து நாளைக்குப் பகல்தான் வந்து சேரும். நாலு மணிக்குத் தூக்குறோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஊசி போடாம வச்சு, கையும் எளகாட்டி?”

“மழைக்காலத்து மஸ்கெலியா மாப்ள. இந்தக் குளிருக்கு உனக்கே ஊசி தேவையில்ல.” சொல்லிவிட்டுக் கந்தப்பன் குரலை இறக்கினார். “அவளுக்கு ஊசின்னா பயம். உனக்குத் தெரியாதா?”

செல்லசாமிக்குத் தெரியும். அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு அக்கா கொழுந்துக் கூடைக்குள் ஒளிந்ததை அவன்தான் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

“பச்சக் கொழுந்த வந்தவொடன ரோலர்ல போட்டா என்னா ஆகும்?” என்று கேட்டார் கந்தப்பன். “நொறுங்கிப் போயிரும். பதினாறு மணித்தியாலம் வாடணும். நேரம் வந்துருச்சான்னு கண்ணால பாக்க ஏலாது, கையில அள்ளிப் புடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். இந்த ஒரு படிப்புத்தான் எனக்குத் தெரியும். நாளைக்கு மூணு மணி வரைக்கும் தா. மூணுக்கு எளகாட்டி நான் வெளிய போயி நிக்கிறேன். நீங்க சத்தத்தக் கேட்டுக்கங்க.”

செல்லசாமி துணி நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “மூணு மணி” என்றான், கங்காணிக் குரலில்.

*

கைகளின்மேல் ஒரு மஞ்சள் துவாயைப் போர்த்திவிட்டுக் கந்தப்பன் அருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சனம் வந்தது, அழுதது, முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது. “மொகத்தப் பாருங்க, நெலா மாதிரி. ஒரு கொறையும் இல்லாம வாழ்ந்த மொகம்” என்று கீழ் லயத்துப் பெண்ணொருத்தி சொன்னாள். அந்த வட்ட முகம் மாத்திரை தந்த வீக்கம். உயிரோடிருந்தபோது இதே ஊர், மகள் அனுப்பும் காசில் சதை போட்டுவிட்டாள் என்று பேசியது. கந்தப்பன் திருத்தப்போகவில்லை. பாராட்டு எந்த வழியாக வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

துவாய்க்குள் கையை விட்டுச் சுண்டுவிரலைத் தொட்டுப்பார்த்தார். பகல் பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, விளக்கு வைத்த பிறகு. ஒவ்வொரு தடவையும் செல்லசாமி புருவத்தை உயர்த்தினான். ஒவ்வொரு தடவையும் கந்தப்பன், “இன்னும் வாடல்ல” என்றார், அடுப்பில் பருப்பு வேகவில்லை என்று சொல்கிற மாதிரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிய நாலு மணிக்கு உடம்பு எழும்பியது. அவர் எழும்பினார் என்று சொல்லமுடியாது. உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்தவர் அடுப்படியில் கேத்தலோடு நிற்கும்போதுதான் விழித்தார். பிளேன்டீ ஊற்றியிருந்தது. தட்டில் இரண்டு கிராக்கர் இருந்தன. அவருடைய உள்ளங்கையில் பையிலிருந்த ஒன்றரை மாத்திரை.

“யாருக்கு மச்சான்?”

வாசலில் செல்லசாமி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

கந்தப்பன் மாத்திரைகளை மறுபடி பையில் போட்டார். “உனக்குத்தான். நேத்துல இருந்து ஒண்ணும் திங்கல்லையே. இந்தா, வெறும் வயித்துல இருக்காத.”

செல்லசாமி அடுப்புக்கு முன்னால் குந்தினான். கிராக்கரைத் தேத்தண்ணியில் நனைத்து ஒரு கடி கடித்தான். முதல் நாள் முழுக்க ஊருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு கடி உள்ளே இறங்கவில்லை. தோள்கள் குலுங்கின. கந்தப்பன் கேத்தலைத் தேவையில்லாமல் ஒரு தரம் கழுவினார்.

பிறகு போய் மனைவியின் மஞ்சள் துவாய்க்குள் கையை விட்டார். சுண்டுவிரல் ஒரு நெல் அளவு அசைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்து மாடியிலும் அப்படித்தான், முதல் வாட்டம் தெரிந்தவுடன் கத்துகிறவன் வேலைக்காரனில்லை.

*

கிருஷாந்தியின் வேன் கினிகத்தேனையில் மண்சரிவில் மாட்டிக்கொண்டது. ஒன்றாகியது, இரண்டாகியது. இரண்டரைக்கு நிரோஷன் பையைத் திறந்து இறப்பர் கையுறைகளை எடுத்து வைத்தான். செல்லசாமி அவன் பக்கத்தில் நின்றான். இருவருமே கந்தப்பனைப் பார்க்கவில்லை.

“மூணுன்னு சொன்னேன்” என்றார் கந்தப்பன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே மச்சான்.”

“கையுறை சொல்லுது.”

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் சத்தம் கேட்டது. மகள் நனைந்த தலையோடு ஓடிவந்து தாயின் கால்மாட்டில் விழுந்தாள். கட்டாரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. அதனால் குடும்பத்துக்கே தான்தான் அரை டொக்டர் என்று எண்ணம். வெள்ளிக்கிழமை தோறும் எடுக்கும் போனில் முதல் கேள்வி, “அம்மாவுக்கு நேரத்துக்கு மாத்திரை குடுத்தீங்களா?” என்பதுதான். அழுது ஓயும்வரை அவளை யாரும் தொடவில்லை. ஓய்ந்ததும் துவாயைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள்.

“என்னா செய்யப் போறீங்க மாமா?”

செல்லசாமி பதில் சொல்வதற்குள் கந்தப்பன் முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அருகே வந்தார்.

“இப்ப” என்றார்.

துவாயை எடுத்தார். மனைவியின் வலது கையைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்தி, சுண்டுவிரலின் நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை. பதினொரு வருடமாகச் செய்ததுபோல நுனியைச் சும்மா பிடித்துக்கொண்டு, அது வருகிற வழிக்கு விட்டுக்கொடுத்தார். விரல் வந்தது. அடுத்தது வந்தது. நடுவிரல் கொஞ்சம் யோசித்தது, அதுவும் வந்தது. கடைசியாகப் பெருவிரல். பிறகு இடது கை. நிரோஷன் சொன்ன சத்தம் கேட்கவில்லை.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தார். விரல்கள் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்துதான் இருந்தன. அது எந்த மாத்திரைக்கும் அடங்காத பழைய சாய்வு. ஆனால் கும்பிடுதான். யார் பார்த்தாலும் கும்பிடுதான்.

“எளகியிருக்கே” என்றாள் கிருஷாந்தி. “மாத்திரை குடு…”

வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இல்லம்மா” என்றார் கந்தப்பன். “இன்னைக்கு மாத்திரை இல்லாமலே.”

செல்லசாமி துணி நாடாவை நீட்டினான். உத்தரவு எதுவும் போடவில்லை. கந்தப்பன் பெருவிரல்களைச் சேர்த்து, இறுக்காமல், ஒரு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டினார். நிரோஷன் கையுறைகளைப் பைக்குள் போட்டு மூடினான்.

*

பெட்டியை முற்றத்தில் இறக்கினார்கள். தூறல். தப்புக்காரர்கள் இஸ்தோப்போரம் ஒதுங்கி நின்று அடித்தார்கள். நாலு லயத்துச் சனமும் வந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள். கைகளையும் பார்த்தார்கள். கந்தப்பன் கொஞ்சம் தள்ளி, தலையில் எதுவும் போடாமல், வலது கையைத் தொங்கவிட்டபடி நின்றார். பெண்கள் விலகியபோது அவர் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டதையும், மூடிய முட்டியாக வெளியே எடுத்ததையும் யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

கிருஷாந்தி வாய்க்கரிசிக் கிண்ணத்தோடு நின்றாள். சொந்தக்காரர்கள் ஒரு பிடி எடுத்து, வாயில் இட்டு, நகர்ந்தார்கள்.

“மச்சான், நீங்கதான் கடைசி. மணி நாலாகுது” என்றான் செல்லசாமி.

கந்தப்பன் வந்து கிண்ணத்துக்கு முன்னால் நின்றார். கையை நீட்டினார். முட்டி திறக்கவில்லை. வேறு யாருடையதோபோல அதைப் பார்த்தார். ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்கவைக்கவேண்டும் என்று வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை.

கிருஷாந்தி கிண்ணத்தை மாமனிடம் கொடுத்தாள். அப்பாவின் முட்டியைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்தினாள். சுண்டுவிரலில் தொடங்கினாள். இழுக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தன. பெருவிரல் கடைசி.

உள்ளங்கையில் வேர்வையும் தூறலும் சேர்ந்து ஏதோ வெள்ளையாகக் குழைந்து, அரை மாத்திரையின் வெட்டு விளிம்பு மட்டும் கரையாமல், ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். துடைக்கவில்லை. கிண்ணத்திலிருந்து அரிசியை அள்ளி அதன்மேலேயே வைத்தாள்.

கந்தப்பன் பெட்டியின்மேல் குனிந்தார்.